ஐம்பத்து மூன்றரை இஞ்ச்

எங்கள் பீரோக் கதவில் மூன்று வாரம் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. மூன்று தாள், ஆங்கிலத்தில் அச்சடித்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் டிக் போட ஒரு சின்னக் கட்டம். குடும்பத்தோடு தீம் பார்க் போகிறவர்கள் என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும், எதையெல்லாம் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும் என்று யாரோ எங்கேயோ யோசித்து எழுதியது. மகள் அவள் அம்மாவின் போனில் தேடிக் கண்டுபிடித்து, சயான் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, மடிப்பு விழாமல் அட்லஸுக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். அவளுக்கு அப்போது பதினோரு வயது. இப்போது பதினான்கு.

அந்தப் பட்டியலில் ஒரு கட்டத்தில் நான் ஒரு பொய் சொன்னேன். திருட்டு இல்லை, யாரையும் அடிக்கவில்லை. ஒரு நம்பரைக் குறைத்துச் சொன்னேன், அவ்வளவுதான். மூன்று வருஷமாக அதை வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. எழுதினாலாவது வருகிறதா என்று பார்க்கிறேன்.

நான் தையல்காரன். மும்பை தாராவியில் ஒரு கார்கானாவில், அதாவது துணி தைக்கிற பட்டறையில், கட்டிங் மாஸ்டர். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு காஜா எடுக்கிற வேலைக்கு வந்தவன். தமிழ் சரளமாகப் படிப்பேன், எழுதுவேன். ஆங்கிலத்தில் சட்டைக் காலரில் தைக்கிற சைஸ் லேபிளும், ரயில் பெட்டியில் எழுதியிருப்பதும் படிப்பேன். அதற்கு மேல் மகள்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கவலை அதிகம். கேஸை மூடினோமா என்று மூன்று தடவை பார்ப்பேன். மகள் ஸ்கூல் வேனில் ஏறினால் வேன் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொள்வேன். தினமும் அதே வேன், அதே நம்பர். என் மனைவி மாட்டுங்காவில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள். அவள் ஏறுகிற ரயில் பத்து நிமிஷம் தாமதமானால் எனக்குத் துணியில் கத்தரிக்கோல் நேராகப் போகாது. "இவங்களுக்கு ஒரு நாள் கவலை இல்லாமப் போச்சுன்னா, ஏன் இல்லேன்னு கவலப்படுவாங்க" என்பாள் அவள்.

பார்க்குக்குப் போகும் யோசனை அவள் தம்பியுடையது. தேவ்நாரில் இருக்கிறான், கல்யாணம் ஆகவில்லை, ஒருவரிடம் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி பகலில் சும்மா நிற்கும், முதலாளியிடம் கேட்டுவிட்டேன், சாயங்காலம் ஏர்போர்ட் சவாரி இருக்கிறது, ஏழு மணிக்குள் வண்டி வந்துவிட வேண்டும் என்றான். மகள் அன்றைக்கே தேட ஆரம்பித்துவிட்டாள்.

அந்தப் பட்டியலை அவள் எனக்குப் படித்துக் காட்டியது இன்னும் நினைவிருக்கிறது. காலில் கொப்புளம் வந்தால் ஒட்டுவதற்கு பிளாஸ்திரி. மழை வந்தால் போட்டுக்கொள்ள கோட்டு. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எந்த இடத்தில் வந்து நிற்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது. பிள்ளையின் கையில் பெற்றோரின் போன் நம்பரை எழுதுவது. இதைக் கேட்டதும் நான் அவளை நிறுத்தி மறுபடி படிக்கச் சொன்னேன். கையில் நம்பர் எழுதுகிற கிறுக்கு உலகத்தில் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். முகம் தெரியாத ஒருத்தர் நான் பயப்படுகிற ஒவ்வொன்றையும் பயந்து, அச்சடித்து, பக்கத்தில் கட்டமும் போட்டு வைத்திருக்கிறார். எனக்கு அந்த ஆளைப் பார்த்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

மூன்றாம் தாளில் கீழே இடம் இருந்தது. அதில் நான் தமிழில் எழுதிச் சேர்த்தேன். ஓமவாட்டர், ஊக்கு, ஆதார் ஜெராக்ஸ், கயிறு. மகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். விரல் வைத்துப் படித்து கயிற்றில் வந்து நின்றாள். எதற்குக் கயிறு என்றாள். எதற்காவது வேண்டியிருக்கும் என்றேன். பார்க்கில் யாரைக் கட்டிப் போடப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, அதற்கும் ஒரு கட்டம் வரைந்து கொடுத்தாள்.

இரண்டாம் தாளின் நடுவில் ஒரு வரியைச் சுற்றிப் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள். பிள்ளையின் உயரத்தை வீட்டிலேயே அளந்து எழுதிக்கொள்ளுங்கள் என்ற வரி. அவளுக்கு மொத்தப் பட்டியலும் அந்த வரிக்காகத்தான். பார்க்கில் பெரிய ரோலர் கோஸ்டர் ஒன்று இருக்கிறது. இரண்டு தடவை தலைகீழாகச் சுற்றுவது. அதில் ஏற ஐம்பத்தைந்து இஞ்ச் உயரம் வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் போய் வந்துவிட்டார்கள். இவளை அங்கே 'சோட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள், குட்டை என்று. அதற்கு முந்தின தீபாவளி லீவுக்கு ஒரு தோழியின் குடும்பம் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று சொல்லிவிட்டு, எப்படியும் உன்னை ஏற்ற மாட்டார்கள் என்று விட்டுவிட்டுப் போனது. இவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து, எனக்கு எப்போது ஐம்பத்தைந்து வரும் என்று மட்டும் கேட்டாள்.

அவளை நான் அளந்தது பட்டியல் ஒட்டிய இரண்டாம் நாள். காலையில் கார்கானாவுக்குக் கிளம்பும்போது, கழுத்தில் இஞ்ச் டேப் கிடந்தது. பீரோவில் முதுகை ஒட்டி நின்றாள். ஸ்கேலைத் தலையில் அவளே வைத்துப் பிடித்துக்கொண்டாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். நான் கீழே குந்தி டேப்பின் பித்தளை முனையைப் பிடித்தேன். முப்பது வருஷமாக பேன்ட்டுக்கு அளவெடுத்த கை. அது தரைக்குப் போகாது, கணுக்கால் எலும்புக்குத்தான் போகும். அங்கேயே கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மேலே இழுத்தேன். ஸ்கேலில் ஐம்பத்து மூன்று வந்தது.

அந்த நிமிஷமே எனக்குத் தெரியும், கீழே மூன்று இஞ்ச் விட்டுப் போயிருக்கிறது என்று. ஐம்பத்தாறு இருக்கிறாள். ஏறலாம். தாராளமாக ஏறலாம். 'இரு மக்ளே, கை தப்பான இடத்துல இருக்கு' என்று சொல்ல ஒரு மூச்சுகூட ஆகாது.

சொல்லவில்லை. அதற்கு முந்தின நாள் கார்கானாவில் ஒருத்தன் போனில் ஒரு வீடியோ காட்டியிருந்தான். எந்த நாடோ தெரியாது. இதே மாதிரி ராட்டினம் ஒன்று தலைகீழாகப் போன இடத்தில் நின்றுவிட்டது. ஆட்கள் தொங்குகிறார்கள். ஒரு பெண்பிள்ளையின் செருப்பு கழன்று விழுகிறது. விழுந்துகொண்டே இருக்கிறது. எல்லோரும் சிரித்துவிட்டு மிஷினுக்குத் திரும்பினார்கள். எனக்கு அந்தச் செருப்பு கண்ணை விட்டுப் போகவில்லை.

"எவ்வளவுப்பா?"

"அம்பத்து மூணு."

கண்ணைத் திறந்தாள். இன்னொரு தடவை பார்க்கச் சொல்லவில்லை. அப்பா அளந்தால் அளந்ததுதான். எங்கள் சந்தில் கல்யாணத்துக்குக் கோட்டு தைக்கக் கொடுக்கிறவர்கள்கூட என்னிடம் அளவு மட்டும் எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போவார்கள், அப்படிப்பட்ட அளவு. மகள் அதைத் தோழிகளிடம் பெருமையாகச் சொல்லுவாள். பீரோ முன்னால் போய் நின்று, பச்சை வட்டத்துக்குள் 53 என்று எழுதினாள். டிக் போட்டாள்.

கை பழக்கத்தில் கணுக்காலுக்குப் போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் பாதிக்கு அது உண்மையும்கூட. மிச்சப் பாதியை நான் யோசிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

அத்தோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் விடவில்லை. இன்னும் இரண்டு இஞ்ச்தானே, மூன்று வாரம் இருக்கிறதே என்றாள். எங்கள் வீடு பத்துக்குப் பன்னிரண்டு அடி. மேலே பலகை போட்ட ஒரு மாடம், அதற்கு ஏற ஒரு இரும்பு ஏணி. அந்த ஏணியின் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலையும் மாலையும் தொங்க ஆரம்பித்தாள். தொங்கினால் உயரம் வரும் என்று போனில் பார்த்தாளாம். அவள் அம்மா நிமிஷம் எண்ணுவாள். பால் பிடிக்காது, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். நான் இட்லி தின்றுகொண்டிருப்பேன், என் முகத்துக்கு நேரே அவள் பாதம் இரண்டும் ஆடிக்கொண்டிருக்கும். உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தது. நான் தேங்காயெண்ணெய் தடவி விட்டேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி அளக்கச் சொன்னாள். ஸ்கேலைத் தலையில் வைத்து, கண்ணை மூடி, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு நெஞ்சு கரைந்தது. ஆனால் எப்படிக் கரைந்தது என்று சொன்னால்தான் நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரியும். கணுக்காலில் பிடித்த முனையை அரை இஞ்ச் கீழே இறக்கினேன். ஐம்பத்து மூன்றரை என்றேன். வளர்ந்துட்டியே என்றேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். தொங்கினால் உண்மையாகவே உயரம் வருகிறது என்று அம்மாவிடம் ஓடினாள். பட்டியலில் 53-ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 53½ என்று அழகாக எழுதினாள். ஐம்பத்தைந்து வரவில்லை என்றாலும் அவளுக்கு ஒரு சந்தோஷம் கிடைத்துவிட்டது, நான் நல்ல அப்பாதான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அந்தப் பிள்ளைக்குச் சொந்தமான மூன்று இஞ்சை எடுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து அரை இஞ்சை பிச்சை போட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மச்சான் வந்து ஹாரன் அடித்தான். பட்டியலில் ஒரு கட்டம் பாக்கியில்லை, எல்லாம் டிக். மகள் மூன்று தாளையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தோள்பையில் வைத்துக்கொண்டாள். என் பைகளைப் பார்த்துவிட்டு மச்சான், பார்க்குக்குப் போறோமா, வீடு காலி பண்ணிட்டுப் போறோமா என்று அக்காவிடம் கேட்டான். கயிற்றைக் கண்டதும் வண்டியை ஓரம் கட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன். எனக்கு அன்றைக்கு மனசு லேசாக இருந்தது. பயப்பட வேண்டிய ஒன்றை முன்கூட்டியே அடைத்துவிட்டோம் என்ற நிம்மதி.

நாங்கள் உள்ளே போனபோது பத்து மணி. அந்தப் பெரிய ரோலர் கோஸ்டர் நுழைந்ததும் எதிரேயே நின்றது. மேலிருந்து வண்டி விழும்போது எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். வரிசையில் இருபது பேர்கூட இல்லை. வாசலில் உயரம் பார்க்க ஒரு பலகையும் இருந்தது. மச்சான் மருமகளின் கையைப் பிடித்து இழுத்தான்.

"வாட்டி, ஏறுவோம்."

"ஹைட் இல்ல மாமா. அம்பத்து மூன்றரைதான்."

"ஒன்றரை இஞ்ச்தானே? கொண்டையத் தூக்கிக் கட்டு. எவன் பாக்கப் போறான்."

"அது சீட்டிங் மாமா. அப்பா அளந்தாச்சு. அப்பா டேப் தப்பாது."

பலகையில் போய் நின்று பார்க்கக்கூட அவள் விரும்பவில்லை. அத்தனை பேர் முன்னால் நின்று, இல்லை என்று திருப்பி அனுப்பினால் அசிங்கம் என்றாள். மச்சான் என்னைப் பார்த்து, பிள்ளைய ரொம்ப நேர்மையா வளத்துட்டீங்க அத்தான் என்றான். நான் பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடினேன். பாட்டில் என் கையில்தான் இருந்தது.

அப்புறம் என்னென்னவோ ஏறினோம். சுற்றுகிற கோப்பை, தண்ணீரில் போகிற படகு, இருட்டுக் குகை. மகள் எல்லாவற்றிலும் சிரித்தாள். நடுநடுவே அந்தக் கத்தல் கேட்கும்போது மட்டும் திரும்பிப் பார்ப்பாள். மத்தியானம் சாப்பிட்டு முடித்து மூன்றரை மணி இருக்கும். சின்னப் பிள்ளைகள் பக்கம் வந்தோம். அங்கே கம்பளிப்புழு மாதிரி ஒரு குட்டி ரோலர் கோஸ்டர் இருந்தது. ஒரு ஆள் உயரத்துக்கு ஏறி இறங்கும். நாலைந்து வயசுப் பிள்ளைகள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றன. ஐம்பத்து நாலு இஞ்சுக்கு மேற்பட்டவர்கள் ஏறக்கூடாது என்று போர்டு. மகள் படித்துவிட்டு, "இதுலயாவது எனக்கு எலிஜிபிள் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அந்தக் குழந்தைகளுக்குப் பின்னால் போய் நின்றாள்.

ஏற்றிவிடுகிற பையன் இருபது வயசு இருப்பான். அவளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீ பெரியவளாச்சே, இதில் ஏறக் கூடாது என்று இந்தியில் சொன்னான். இல்லை, என் உயரம் ஐம்பத்து மூன்றரை என்றாள் இவள். சிரித்தான். உடனே இவள் பையைத் திறந்து, கவரிலிருந்து அந்த இரண்டாம் தாளை எடுத்து அவனிடம் காட்டினாள். பச்சை வட்டம், அடித்து எழுதிய நம்பர், டிக். என் அப்பா டெய்லர், அவர் டேப்பால் அளந்தது என்றாள். அவன் அதைப் படித்தான். ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. தோளைப் பிடித்து மெதுவாகப் பலகையோடு சேர்த்து நிறுத்தினான். ஐம்பத்து நாலுக்குப் போட்டிருந்த சிவப்புக் கோடு அவள் நெற்றி நடுவில் வந்தது. பேட்டா என்று அவளைக் கூப்பிட்டு, இது குழந்தைகளுக்கு, நீ அதிலே போ என்று பெரியதைக் கை காட்டினான்.

அவள் உச்சந்தலையில் கையை வைத்து, அப்படியே விலகித் திரும்பி, பலகையில் கை எங்கே நிற்கிறது என்று பார்த்தாள்; ஐம்பத்தைந்தையும் தாண்டியிருந்தது. வரிசையிலிருந்த அம்மாக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம் ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா, நான் அம்பத்தஞ்சுக்கு மேல இருக்கேன். உங்க டேப் இழுத்துப் போயிருக்கும்பா."

பழைய டேப் நாளாக ஆக இழுத்துக்கொள்ளும், அப்போது அளவு குறைவாகக் காட்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். நான் ஒளிந்துகொள்ள அவளே ஒரு இடம் செய்து கொடுத்துவிட்டாள்.

"ஆமா மக்ளே, பழைய டேப்புல்லா" என்றேன்.

மச்சான் விடவில்லை. அப்போ அத்தான் தச்ச சட்டை எல்லாம் தாராவி முழுக்க தொளதொளன்னுல்லா தொங்கும் என்றான். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். என் மனைவி சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் எங்களை இழுத்துக்கொண்டு ஓடினாள். பெரிய ரோலர் கோஸ்டரின் வரிசை இப்போது மூன்று மடிப்பாக மடிந்து வெளியே வரைக்கும் வந்திருந்தது. ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று வாசலில் நின்றவர் சொன்னார். நாங்கள் நாலரைக்குக் கிளம்ப வேண்டும். மச்சான் முதலாளிக்குப் போன் போட்டுக் கெஞ்சினான். முடியாது என்றுவிட்டார். அவன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, வழி இருக்கிறது என்றான். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறானாம், நாங்கள் மூன்று பேரும் நின்று ஏறிவிட்டு பஸ் பிடித்து வர வேண்டியதுதான். பார்க் வாசலிலேயே பஸ் வரும் என்றான்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க அத்தான். பிள்ள ஆசப்படுதுல்லா."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மகள் பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போது மேலே வண்டி தலைகீழாகப் போனது. எல்லோரும் கத்தினார்கள்.

"இருட்டிரும். பஸ் கிடைக்குமோ என்னவோ. இன்னொரு நாளைக்கு வருவோம்" என்றேன்.

முதல் தடவை கை பழக்கம் என்று சொல்லலாம். இதற்கு என்ன சொல்ல? அவள் உயரம் ஊருக்கே தெரிந்த பிறகும், என் வாயால் மறுபடி அவளைக் குட்டையாக்கினேன். அவள் அழவில்லை. "பரவால்லப்பா, டேப்தானே, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கார் நிற்கிற இடத்தில் மகளும் மாமாவும் முன்னால் போனார்கள். மனைவி நின்றாள்.

"ஜூன் மாசம் யூனிஃபார்ம் தச்சீங்க. தீபாவளிக்குள்ள ரெண்டு தரம் மடிப்பப் பிரிச்சு விட்டீங்க. அவ உசரம் உங்களுக்குத் தெரியாதா?"

நான் கையிலிருந்த பையை அடுத்த தோளுக்கு மாற்றினேன்.

"டேப்பு மேல பழியப் போட்டுட்டு இருக்காதீங்க. அவகிட்ட நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

ஒரு வாரம் சொல்லவில்லை. தினமும் நாளைக்கு, நாளைக்கு என்றிருந்தேன். அடுத்த ஞாயிறு கார்கானாவில் அவசர வேலை, நான் மட்டும் இருந்தேன். மகள் சாப்பாடு கொண்டுவந்தாள். டிபன் பாக்ஸை வைத்துவிட்டு, பாவாடைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். புது இஞ்ச் டேப். மஞ்சள் நிறம். இழுக்காத டேப் கேட்டு வாங்கினேன், பொங்கலுக்குக் கொடுத்த காசு இருந்தது என்றாள்.

நான் அதைக் கையில் வாங்குவதற்குள் அவளே என் கழுத்திலிருந்த பழைய டேப்பை உருவி, கட்டிங் டேபிளில் நீளமாக விரித்தாள். எவ்வளவு இழுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். பக்கத்தில் புதியதை விரித்தாள். பித்தளை முனையும் பித்தளை முனையும் சேர்த்துவைத்து, பத்து, இருபது, முப்பது என்று விரலை நகர்த்திக்கொண்டே போனாள். அறுபது வரைக்கும் கோட்டுக்குக் கோடு ஒட்டி நின்றது. மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குப்பா."

இழுத்துப் பிடித்தால்தான் தெரியும், விரித்துப் போட்டால் சுருங்கிக்கொள்ளும் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் நம்பியிருப்பாள். அதுதான் பயமாக இருந்தது. நான் என்ன சொன்னாலும் நம்புவாள்.

"டேப்புல தப்பு இல்ல மக்ளே. நான் தரையில வச்சு அளக்கல. கணுக்கால்லேருந்து அளந்தேன்."

குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"மறந்துட்டீங்களா?"

"இல்ல. அதுல நீ ஏறுவியோன்னு பயம்."

மிஷின் எதுவும் ஓடவில்லை. பக்கத்துக் கார்கானாவில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அவள் டேபிளின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். ரோலர் கோஸ்டரைப் பற்றிக் கேட்பாள், என்னைத் திட்டுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்போ நான் தொங்குனதுல வந்த அரை இஞ்ச்?"

நான் மஞ்சள் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணில் அப்போதுதான் தண்ணீர் வந்தது. ராட்டினத்துக்கு அழாதவள் அந்த அரை இஞ்சுக்கு அழுதாள். நான் கிட்டே போனேன். ஒரு அடி பின்னால் போனாள். பிறகு, சாப்பாடு ஆறிரும், சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சண்டை ஒன்றும் இல்லை. இரண்டு நாளில் பேச ஆரம்பித்துவிட்டாள். ஆனால் ரயில் எட்டு பத்துக்கு என்று நான் சொன்னால், சரிப்பா என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்துப் பார்ப்பாள். யூனிஃபார்முக்கு அளவெடுக்க நின்றால் இப்போதெல்லாம் கண்ணை மூடுவதில்லை. குனிந்து என் கை எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள். என்னைக் குத்திக்காட்ட அல்ல. அவளை அறியாமல் செய்வது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த வருஷம் ஸ்கூலில் இருந்து அதே பார்க்குக்குக் கூட்டிப் போனார்கள். பெற்றோர் கையெழுத்துப் போடும் தாளை அவள் என்னிடம் கொண்டுவரவில்லை, அம்மாவிடம் கொடுத்தாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். இன்னொரு நாளைக்கு வருவோம் என்று நான் சொன்ன அந்த நாளுக்கு நான் அவளைக் கூட்டிக்கொண்டு போகவே இல்லை. மூன்று வருஷத்தில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வந்து போயிற்று.

ஸ்கூலோடு பார்க்குக்குப் போன அன்றைக்கு நான் வேலை முடிந்து வந்தபோது அவள் வந்துவிட்டிருந்தாள். அடுப்படியில் அம்மாவிடம் கையை மேலும் கீழும் சுழற்றி, பாதி தமிழும் பாதி இந்தியுமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மனைவி ஐயையோ, ஐயையோ என்று சிரித்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் கை இறங்கிவிட்டது.

ஏறினியா என்று கேட்டேன்.

"ஏறினேன்பா."

எப்படி இருந்தது என்றேன்.

"நல்லா இருந்துச்சு" என்றாள். துவைக்கிற துணியை எடுத்துக்கொண்டு வெளியே குழாயடிக்குப் போனாள்.

மேலே போனதும் பயந்தாளா, கண்ணை மூடிக்கொண்டாளா, கத்தினாளா, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாம் அவள் அம்மாவுக்குத் தெரியும். கேட்டால் சொல்லுவாள். நான் கேட்கவில்லை.